ஒரு கொப்பியில் இரண்டு பேர்

என் வாய்க்குப் பயந்தே மாத்திரை குடித்தவர்கள் இந்தத் தேயிலை மலையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. வார்டிலும் கிளினிக்கிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெருமையை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. புதிதாக நியமனம் பெற்று மலைக்கு வந்திருக்கும் தங்கைமாரும் தம்பிமாரும் அனுபவத்தை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். நான் காப்பாற்றிய உயிர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் கிட்டத்தட்டக் கொன்றுவிட்ட ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பிழைத்துக்கொண்டார். அவரோடு இன்னொருவரும் பிழைத்தார். அதற்காக யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கத்தான் இத்தனை பக்கம்.

பிரஷர் எப்படிப் பார்ப்பது, ஊசி எப்படிப் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விட்டுவிடுவோம்.

நான் கடைசியாக வேலை செய்தது ஒரு சின்ன அரசாங்க வைத்தியசாலை. பெயர் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் நடக்கும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வயதானவர்கள் விடியும் முன்னே புறப்பட்டு, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, மத்தியானம் வரை வாங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கிளினிக்குக்கு நான்தான் ராணி.

எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். போன மாதம் மாத்திரை போட்டுக் கொடுத்த காகித உறையை ஒவ்வொருவரும் திரும்பக் கொண்டுவர வேண்டும். உறை காலியாக இருந்தால் நல்ல பிள்ளை. மிச்சம் இருந்தால் தொலைந்தார்கள். எல்லோர் முன்னாலும் மேசையில் கொட்டி எண்ணுவேன். "சும்மா குடுக்குற மாத்திரைய முழுங்கக்கூட ஒங்களுக்கு வலிக்குதா?" என்று கேட்பேன். வாங்கில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். மாட்டிக்கொண்டவர் கூனிக் குறுகி நிற்பார். அடுத்த மாதம் அவருடைய உறையும் காலியாக வரும். என் சட்டம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தக் கிளினிக்கில் எனக்கு மிகவும் பிடித்தவர் சன்னாசித் தாத்தா. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. வருத்தமும் மருந்தும் எழுதும் கிளினிக் கொப்பியை மழை படாமல் சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவருவார். அவருடைய உறை எந்த மாதமும் காலிதான். ஒரு மாத்திரை மிஞ்சியதில்லை. மற்றவர்களை ஏசும்போதெல்லாம், "சன்னாசித் தாத்தாவப் பாத்துப் படிச்சுக்கங்க" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனிதர் என்று நினைத்தேன்.

ஆனால் அவருடைய பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை. அப்போது எங்களுக்கு வாய்த்த டொக்டர் தென்பகுதியிலிருந்து வந்த இளம் பெண். தங்கமான பிள்ளை. தமிழ் மட்டும் தட்டுத் தடுமாறித்தான் வரும். நோயாளிகள் சொல்வதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அவர் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "இவர் மாத்திரையை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று கேளுங்கள்" என்றார். நான் தாத்தாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இந்தக் கிளினிக்கிலேயே ஒழுங்காகக் குடிப்பவர் இவர்தான், மிஸ்" என்று நானே பதில் சொன்னேன். டொக்டர் அளவைக் கூட்டினார். சில மாதம் கழித்து அதே கேள்வியைக் கேட்டார். அதே பதிலை நான் சொன்னேன். மறுபடியும் கூட்டினார். காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று ஆனது.

பிறகு ஒரு நாள் காலை, கிளினிக் இல்லாத நாள், அவரை ஒரு த்ரீவீலில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். பீலியில் முகம் கழுவப் போனவர், தண்ணீர் விழும் கல்லிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். நெற்றியில் நீளமாகக் காயம். உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்திருந்தது. பிரஷர் பார்த்தால் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. மூன்று வருடமாக இறங்காத பிரஷர் அது. நாடி மெதுவாக, விட்டுவிட்டு அடித்தது.

டொக்டர் ஓடிவந்தார். முதலில் நினைக்கத் தோன்றுவது மாரடைப்புத்தான். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் அப்படியென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் தள்ள முடியவில்லை. மாரடைப்பு என்றால் இரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுக்க வேண்டும். தலையில் அடிபட்டவருக்கு அதைக் கொடுத்தால், உள்ளே கசிவு இருக்கும் பட்சத்தில் ஆளே போய்விடலாம். நுவரெலியாவுக்கு அனுப்பலாம் என்றால் எங்கள் அம்புலன்ஸ் அப்போதுதான் ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. டொக்டரின் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தேன்.

"மாத்திரை அதிகமாகக் குடித்துவிட்டாரா? கேளுங்கள்."

கேட்டேன். தாத்தாவுக்கு நினைவு இருந்தது. "மிஸ்ஸி சொன்ன மாதிரித்தாங்க குடிச்சேன்" என்றார். "காலைல ரெண்டு, ராவைக்கு ரெண்டு."

அதை அப்படியே டொக்டரிடம் சொன்னேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. நேற்றுவரை ஒத்துக்கொண்ட அதே அளவு இன்றைக்கு ஆளை இப்படி விழுத்தாது, ஆகவே இது இதயம்தான் என்று டொக்டர் முடிவுக்கு வந்தார். மாரடைப்புக்குக் கொடுக்கும் மாத்திரைகளை எடுத்து வரச் சொன்னார். நான் அலுமாரியைத் திறந்தேன்.

அப்போது தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சிற்றூழியர் குனிந்து தாத்தாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், அதனால் எழுதவில்லை. சன்னாசித் தாத்தாவின் தோட்டத்திலேயே கீழ் டிவிசனில் குடியிருப்பவர். நோயாளியைத் தள்ளுவது, ஒக்சிஜன் சிலிண்டர் உருட்டுவது, பிணத்தைக் கழுவுவது எல்லாம் அவர்தான். பத்து வருடம் பக்கத்தில் வேலை செய்தும், 'அங்கே போ, இதைக் கொண்டு வா' என்பதைத் தவிர நான் அவரிடம் எதுவும் பேசியதில்லை.

அவர் கேட்டது இவ்வளவுதான். "தாத்தா, ஆத்தா எங்க? காணோமே?"

மனைவியைப் பற்றிக் கேட்டதும் தாத்தாவுக்குக் கண் கலங்கியது.

"ஊருல இல்லியா?"

"மஸ்கெலியாவுக்குப் போயிருச்சு. மக புள்ள பெத்திருக்கு."

"எத்தன நாளாச்சு?"

"ஒம்பது நாளு."

சிற்றூழியர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தாத்தாவிடம், "சொல்லிருங்க தாத்தா. மிஸ்ஸி ஏச மாட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். என் வாயிலிருந்து அது வர வேண்டும் என்று காத்திருந்தார்.

"ஏச மாட்டேன் தாத்தா" என்றேன்.

"அந்த மாத்திர ரெண்டு பேருக்குங்க" என்றார் சன்னாசித் தாத்தா. "எனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு. அவளுக்கும் இதே வருத்தந்தாங்க. அவ இல்லாததால மிஞ்சிப் போச்சு. மிஞ்சினா நீங்க ஏசுவீங்கன்னு, அவ பங்கையும் நானே முழுங்கிட்டேன்."

அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றேன். நாங்கள் சொன்ன அளவை அந்த மனிதர் முதன்முதலாக ஒழுங்காகக் குடித்தது அந்த ஒன்பது நாள்தான். அதுவரை பாதியைத்தான் குடித்திருக்கிறார். பாதி குடித்தவருக்குப் பிரஷர் இறங்கவில்லை என்று நாங்கள் அளவை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறோம். மூன்றாம் நாளே தலை சுற்றியிருக்கிறது. தானே சமைத்துச் சாப்பிடுவதால் வந்த களைப்பு என்று நினைத்து, உறையைக் காலி செய்வதில் குறியாக இருந்திருக்கிறார்.

டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். முதல் முறை சொன்னபோது அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னதும், அந்த மாத்திரைகளை எடுக்க வேண்டாம், அலுமாரியை மூடுங்கள் என்றார். காலை உயர்த்தி, சேலைன் ஏற்றி, பிரஷர் மாத்திரையை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். மத்தியானமாகும்போது நாடி சீரானது. தலையைப் படம் பிடிக்க நுவரெலியாவுக்கு அனுப்பினோம், அங்கேயும் ஒன்றுமில்லை என்று எங்கள் வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த டொக்டர் இன்றைக்கும் எனக்குப் புதுவருடத்துக்கு போன் எடுக்கிறார். அன்றைக்கு அவர் என் மேல் ஒரு வார்த்தைகூடக் கோபப்படவில்லை. அந்த நன்றியை நான் நேரில் சொன்னதில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் அன்றைய வேலை அத்தோடு முடியவில்லை. பிரஷர் ஏறத் தொடங்கியதும் தாத்தா கேட்ட முதல் கேள்வி, "அவளுக்கு மாத்திர இல்லியே, மிஸ்ஸி?" என்பதுதான். புறப்படும்போது அவருடைய மனைவி மாரியாயி தன் பங்கை எடுத்துக்கொள்ள மறுத்திருக்கிறார். மருமகன் வீட்டில் யாராவது பார்த்து, ஏது என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயம். மூன்று வருடம் பாதி மாத்திரையிலாவது ஓடிக்கொண்டிருந்த உடம்பு, ஒன்பது நாளாக ஒன்றுமில்லாமல் இருக்கிறது. மகளுடைய பிள்ளைப்பேற்றுக்குப் போனவர் சும்மா உட்கார்ந்திருக்கப் போவதுமில்லை. வெந்நீர் தூக்குவதும் விறகு உடைப்பதும் அவராகத்தான் இருக்கும்.

மகளுடைய நம்பருக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை. தோட்டத்தின் பெயர் தெரியும், எந்த வரிசை வீடு, எந்த லயம் என்று தாத்தாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. மஸ்கெலியாவில் எத்தனை டிவிசன், எத்தனை லயம்! யாரை அனுப்பித் தேடுவது? அந்த நேரத்தில் ஒன்று தோன்றியது. எனக்கு அன்றைக்குத் தோன்றிய உருப்படியான யோசனை அது ஒன்றுதான். கிழவியைத் தேடினால் கிடைக்க மாட்டார், குழந்தையைத் தேடினால் கிடைக்கும். பிறந்து பத்து நாள் ஆகாத குழந்தை இருக்கும் வீட்டை பிள்ளை பெற்றவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அந்தப் பகுதி மிட்வைப்புக்குத் தெரியாமலிருக்காது. சுகாதாரக் காரியாலயத்துக்கு எடுத்து, அந்தத் தோட்டத்து மிட்வைப்பின் நம்பரை வாங்கி விஷயத்தைச் சொன்னேன். முன்பின் தெரியாதவர். "இப்பவே போறேன் அக்கா" என்றார்.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு போன் வந்தது. "வீட்டக் கண்டுபிடிச்சிட்டேன் அக்கா. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. அந்த அம்மாதான் சரியில்ல. தலையப் புடிச்சிக்கிட்டு அடுப்படியில உக்காந்திருக்காங்க, நாக்குக் கொஞ்சம் கொழறுது. பிரஷர் சொன்னா பயந்துருவீங்க. ஆட்டோ வந்துருச்சு, ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

மாரியாயி ஐந்து நாள் மஸ்கெலியாவில் வைத்தியசாலையில் இருந்தார். கையும் காலும் விழாமல் தப்பினார். இன்னொரு நாள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த மிட்வைப் தங்கச்சியை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அவர் அந்த வீட்டுக்கு அதற்கு முன்பும் போயிருக்கிறார், குழந்தையை நிறுத்துப் பார்க்க. குழந்தைக்குக் கார்ட் இருக்கிறது, திகதி இருக்கிறது, வீடு தேடி வர ஆள் இருக்கிறது. நல்லதுதான், அப்படித்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பூதிக்கொண்டிருந்த கிழவிக்கு அதில் ஒன்றும் இல்லை.

தாத்தா வார்டிலிருந்து வீட்டுக்குப் போன அன்று சிற்றூழியரை நிறுத்திக் கேட்டேன். "ஒங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் மிஸ்ஸி. கிளினிக் நாளுல ஆத்தா ரோட்டுக்கு எறங்கி வந்து நிக்கும். ரெண்டு பேரும் மதகுல உக்காந்து பங்கு வைப்பாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எல்லாரு முன்னாடியும் ஏசுவீங்க. மானத்துக்குப் பயந்த மனுசன், அப்புறம் கிளினிக் பக்கமே வர மாட்டாரு. பாதியாவது ரெண்டு பேரு வயித்துக்கும் போகுதேன்னு இருந்துட்டேன். அளவு கூட்டுனது எனக்குத் தெரியாது மிஸ்ஸி. தெரிஞ்சிருந்தா ஏச்சு வாங்குனாலும் சொல்லியிருப்பேன்."

தெரிந்ததை வைத்து அவர் எடுத்த முடிவில் ஒரு குறையும் சொல்ல முடியாது. என்னைக் கணக்கில் எடுத்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். ஒரு நோயாளிக்கு ஆபத்து வரக்கூடிய விஷயங்களில் மிஸ்ஸியின் வாயும் ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு மிகவும் வலித்தது. இன்றைக்கு அவரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் நான் வெளியூர்க்காரி இல்லை. ராகலையில் ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள். ஒரு துண்டு ரொட்டி வந்தாலும் நாலாகப் பிய்க்கிற வீட்டில் வளர்ந்தவள். லயத்துக்குள் போகிற எந்தச் சாமானும் ஒருவருக்கென்று போவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமா? வெள்ளைத் தொப்பி போட்டதும் மறந்துபோனேன். இப்போது எனக்கும் பிரஷர் இருக்கிறது. பென்ஷன் வருகிறது, வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது, மகள் போனில் "அம்மா, மாத்திரை குடிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறாள். தாத்தாவுக்கும் எனக்கும் ஒரே வருத்தம், ஒரே மாத்திரை. ஆனால் இரண்டு பேருடைய முதுமையும் ஒன்றல்ல. அந்த வித்தியாசம் கிளினிக் கொப்பியில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்காது. நீங்கள் கேட்டால்தான் தெரியவரும்.

மாரியாயி உடம்பு தேறி வந்ததும், நானே பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். பிளேன்டீ கொடுத்தார். ஏன் இத்தனை நாளாகக் கிளினிக்குக்கு வரவில்லை என்று கேட்டேன். ஏசுகிற குரலில் இல்லை, அதைப் பழகிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் வந்தா பேத்திய யாருங்க பாக்குறது? மகன் கொழும்புல கடையில நிக்கிறான், மருமக குவைத்துல. பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்குக் கிளினிக் முடியாது. பஸ்ஸுக்கும் ரெண்டு மடங்காகும். ஒருத்தர் போய் வாங்கியாந்தா போதும்னு இருந்துட்டோம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நா கொழுந்து பறிச்ச காலத்துலயும் என் சம்பளத்த இவருதானுங்களே போயி வாங்கியாருவாரு. அப்பல்லாம் எல்லா வீட்டுலயும் அப்படித்தான். அது மாதிரின்னு நெனச்சுட்டோம்" என்றார்.

சன்னாசித் தாத்தா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். வாங்கி வந்ததைப் பாதி பிரித்துக் கொடுத்தவர் அவர்.

அதற்குப் பிறகு கிளினிக்கில் சில விஷயங்களை மாற்றினோம். புருசன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே நாளைக் கொடுத்தோம். தூரத் தோட்டத்துக்காரர்களைப் பத்தரை பஸ்ஸுக்கு முன் பார்த்து அனுப்பினோம், பேத்தி பள்ளிவிட்டு வருவதற்குள் வீடு போய்ச் சேரலாம். இதெல்லாம் சிற்றூழியரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுச் செய்தது. மாத்திரை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, "வீட்ல யாரு இருக்காங்க? அவங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கத் தொடங்கினேன். இந்தக் கேள்விக்கு எத்தனை பேர் அழுதார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மாரியாயி முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு கொப்பியோடு கிளினிக்குக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மஞ்சள் சேலை, தலையில் பூ, கோயிலுக்கு வந்தவர் போல. இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்ததும் நான் கதவருகில் நின்று சத்தமாகக் கூப்பிட்டேன்.

"மாரியாயி!"

சன்னாசித் தாத்தா எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசையை நோக்கி நடந்தார். பழக்கம்.

பின்னாலிருந்து மாரியாயி அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"ஒக்காருங்க. என்னையத்தான் கூப்புடுறாங்க."

வாங்கில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தாத்தாவும் சிரித்தபடி உட்கார்ந்தார். மாரியாயி கொப்பியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார்.